எள்ளுத்தாத்தாவின் நம்பர் என்ன?

முதலிலேயே தொழில் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன எள்ளுத்தாத்தாவைப் பழைய பதிவேடுகளில் தேடுகிறவர்கள் அவர் பெயரை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. முனுசாமி என்று தேடிப்பாருங்கள், கூட்டம் கூட்டமாக முனுசாமிகள் எழுந்து நின்று 'என்னையா கூப்பிட்டீங்க?' என்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அப்பா பெயர் ராமசாமியாக இருந்து தொலைக்கும். அதனால் டர்பனில் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே வேறு. 'தாத்தா நம்பர் என்ன ஆயா?'

நம்பர் கிடைத்துவிட்டதா? வாங்க, உள்ளே போகலாம்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்விடியர்' வந்தது. அன்றைக்குப் போட ஆரம்பித்த வரிசை எண், நடுவில் 1866 முதல் 1874 வரை ஆள் வரவு நின்றிருந்த காலத்தையும் தாண்டி, 1911-ல் 1,52,184-ல் போய் நின்றது. ஆண், பெண், இடுப்புக் குழந்தை, எல்லோருக்கும் ஆளுக்கொரு எண். காலனி நம்பர் என்பார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் சென்னையில் கப்பலேறிய நம் பக்கத்துத் தமிழரும் தெலுங்கரும். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வணிகர்களுக்கு நம்பர் கிடையாது. அவர்களைத் தேடுவதற்கு வேறு அலமாரி.

ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு மாற்றினாலும், கல்யாணம் பதிவானாலும், பிள்ளை பிறந்தாலும், புகார் கொடுத்தாலும், செத்தாலும் காகிதத்தின் தலையில் அந்த நம்பர்தான் ஏறும். மனிதரை எண்ணாக்கிய ஏற்பாடு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நூற்றைம்பது வருடம் கழித்துத் தேட உட்காருகிற கொள்ளுப்பேத்திக்கு, சிதறிக் கிடக்கும் காகிதங்களையெல்லாம் கோத்துத் தருகிற ஒரே கயிறும் அதுதான். என்ன செய்ய!

இப்போது பக்கத்தைத் திறப்போம். கப்பல் பட்டியலின் ஒரு பக்கம். சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து, பழுப்பேறிய மை, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. காலனி நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். அதையெல்லாம் தாண்டிக் கண் தானாக ஓடிப்போய் நிற்பது அங்க அடையாளம் என்ற பத்தியில். இடது முழங்காலில் தழும்பு. வலது கன்னத்தில் மச்சம். இரண்டு முன்கையிலும் பச்சை. முகத்தில் அம்மை வடு. இப்படி ஆள் ஆளுக்கு ஒரு வரி.

எனக்கு இந்தப் பத்தியைப் பார்த்தாலே தலைகால் புரியாது! யோசித்துப் பாருங்கள். முழங்காலில் தழும்பு என்றால் அது எப்படி வந்தது? புளியமரத்திலிருந்து விழுந்ததா, ஏற்றக்கால் இடித்ததா, மாடு முட்டியதா? பச்சை குத்தியது எந்தத் திருவிழாவில்? எழுதிய குமாஸ்தாவுக்கு இதில் எந்தப் பரிவும் கிடையாது. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், ஒருவர் பெயரில் இன்னொருவர் கப்பலேறிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. அந்தச் சந்தேகத்தின் புண்ணியத்தில் ஒரு கூலிக்காரரின் கால் தழும்பு காலத்துக்கும் மையில் நின்றுவிட்டது. ஊரிலேயே இருந்த என் எள்ளுத்தாத்தா ஒல்லியா தடியா, முகத்தில் மச்சம் உண்டா என்று கேட்டால், சொல்வதற்கு எந்தக் காகிதமும் கிடையாது.

சரி, இந்த வரி எப்படிப் பிறந்தது என்று சென்னை டிப்போவுக்குப் போய் எட்டிப் பார்ப்போம். ஆள்பிடிக்கிற ஏஜென்ட் கிராமத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருப்பார். எதிரே மேசையில் ஒருவர். 'உன் பேர் என்ன?' என்று கேட்கிறார். வெற்றிலைச் சாறு வாயில் இருக்கும்போதே பதில் வருகிறது. வந்தது காதில் விழுந்து, காதிலிருந்து ஆங்கிலமாகி, ஆங்கிலத்திலிருந்து பேரேட்டுக்கு இறங்குகிறது. அங்கே எழுதியதைப் பார்த்து இன்னொருவர் படியெடுக்கிறார். ஒவ்வொரு கையிலும் ஓர் எழுத்து நழுவுகிறது, ஓர் எழுத்து முளைக்கிறது. முனுசாமி மூன்சாமியாகிறார், முன்சமியாகிறார், மூனிசாமியாகிறார். ஆறுமுகம் ஆர்மூகமாகிறார். லட்சுமி லுச்சுமி ஆவதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. 'ழ' வந்த பெயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒருவர் 'ல' போட்டிருப்பார், ஒருவர் 'ர' போட்டிருப்பார், சோம்பல்பட்டவர் எழுத்தையே விட்டிருப்பார்.

அதனால்தான் தேர்ந்த தேடிகள் உயிரெழுத்தை நம்புவதில்லை. பெயரிலிருந்து மெய்யெழுத்தை மட்டும் எடுத்து, நடுவில் நட்சத்திரக் குறி போட்டுக் கணினியில் தட்டுகிறார்கள். 'ம', பிறகு நட்சத்திரம், பிறகு 'ன', பிறகு நட்சத்திரம், பிறகு 'ச'. வலை விரித்த மாதிரி மொத்த முனுசாமிகளும் வந்து விழுவார்கள். அதற்கப்புறம் தகப்பன் பெயரையும் கப்பல் வந்த வருடத்தையும் வைத்து ஒவ்வொருவராகக் கழித்துக்கட்ட வேண்டியதுதான்.

கணினி என்றேனே, அதற்குப் பின்னால் ஒரு மாபெரும் உழைப்பு இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் சுரேந்திர பானாவும் ஜாய் பிரெய்னும் 1860 முதல் 1902 வரை வந்த 95,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைப் பேரேடுகளிலிருந்து கணினிக்குக் கொண்டுவந்தார்கள். அதை வைத்து பானா எழுதிய ஆய்வு நூல் 1991-ல் வந்தது. பின்னர் டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் கப்பல் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தது. புள்ளிவிவரத்துக்காக ஏற்றியதாம்! இன்றைக்கு அதைத் திறப்பவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

நம் ஆளின் வரி கிடைத்துவிட்டது என்று வையுங்கள். துள்ளிக் குதிப்பதை ஒரு நிமிடம் தள்ளிப்போடுங்கள். மேல் வரியையும் கீழ் வரியையும் படியுங்கள்! ஒன்றாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த நம்பர்தான் விழுந்திருக்கும். நம் ஆளுக்கு அடுத்த நம்பரில் இருபது வயதுப் பெண், அதற்கடுத்து இரண்டு வயதுக் குழந்தை, அதே ஜில்லா, அதே கிராமம் என்றால் குடும்பமே வந்துவிட்டது. அதே கிராமத்து இளைஞர் இருவர், தகப்பன் பெயரும் ஒன்று என்றால் அண்ணன் தம்பி. குடும்பத்தில் யாரும் கேள்வியே படாத ஒரு தம்பி இப்படிக் கீழ் வரியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய குறிப்புப் பத்தியில், எந்தக் கப்பலில் எப்போது ஊர் திரும்பினார் என்றிருக்கும். ஆக ஊரில் ஒரு கிளை இருக்கிறது என்று அர்த்தம். தொடரும் போட்டு நிறுத்திய தொடர்கதை!

பெண்களின் வரிகளை நான் இன்னும் மெதுவாகப் படிப்பேன். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் கணக்கு சேர்ந்தால்தான் நங்கூரம் தூக்க முடியும். ஆகவே தனியாக வந்த பெண்கள் பட்டியலில் நிறைய. விதவைகள், புருஷன் விட்டுவிட்டுப் போனவர்கள், பஞ்சத்தில் வீடு கலைந்தவர்கள், யாருக்கும் பதில் சொல்லாமல் கிளம்பி வந்த துணிச்சல்காரிகள். தகப்பன் பெயர், வயது, கையில் பச்சை. அவ்வளவுதான் எழுதியிருக்கும். குடும்பத்தில் 'பாட்டி தாத்தாவோடதான் வந்தாங்க' என்று சொல்லிவைத்திருப்பார்கள். நம்பரைப் பார்த்தால் பாட்டி வேறு கப்பல், வேறு வருடம், வேறு ஜில்லா! சாதிப் பத்தியில் இருப்பதும் வீட்டில் சொல்வதும் ஒத்துப்போகாத குடும்பங்களும் உண்டு. சிலருக்கு இந்த இடத்தில் தேடும் ஆசையே விட்டுப்போகும். எனக்கென்னவோ ஆட்டம் சூடுபிடிப்பதே இங்கேதான். கடலைத் தாண்டி வந்து தன் வாழ்க்கையைத் தானே திருத்தி எழுதிக்கொண்ட பெண்மணியை எள்ளுப்பாட்டியாகப் பெற யாருக்குக் கசக்கும்?

கப்பலிலிருந்து இறங்கியதும் காகிதம் இன்னும் பெருகுகிறது. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி. அவர் உண்மையில் யாரைப் பாதுகாத்தார் என்பதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவருடைய ஆபீஸில் சேர்ந்த புகார்க் கோப்புகள்தான் தேடுகிறவர்களுக்குத் தேன்கூடு. ரேஷன் குறைகிறது, சம்பளம் பிடிக்கிறார்கள், மேஸ்திரி அடிக்கிறார், காய்ச்சலோடு வேலைக்கு இழுக்கிறார்கள். பட்டியலில் ஒற்றை வரியாக இருந்தவர் இங்கே வாய் திறக்கிறார். மொழிபெயர்ப்பாளர் வழியாக, குமாஸ்தா கையெழுத்தில், கீழே கட்டைவிரல் ரேகையோ பெருக்கல் குறியோ போட்டு.

இந்தப் புகார்க்காரர்களில் ஊரறிந்தவர் பாலசுந்தரம். 1894-ல் கிழிந்த துணியோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாரே, அவர்தான். காந்தியிடம் குமாஸ்தாவாக இருந்தவர் ஒரு தமிழர், அவர் கேட்டுச் சொல்லித்தான் காந்திக்கு விஷயமே புரிந்தது. பாலசுந்தரத்தை வேறு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அவர் கதையைக் காந்தி தன் சுயசரிதையில் எழுதியதால் நமக்குத் தெரியும். எழுத ஆளில்லாத பாலசுந்தரங்கள் கோப்புகளில் கட்டுக் கட்டாக இருக்கிறார்கள். இங்கே ஒரு விபரீதத்தைக் கவனியுங்கள். சண்டை போட்டவர், ஓடிப்போனவர், கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டவர், இவர்களைப் பற்றித்தான் காகிதம் அதிகம். ஐந்து வருடமும் வாய் திறக்காமல் கரும்பு வெட்டியவர் ஒரு வரிக்கு மேல் நகரமாட்டார். உங்கள் தாத்தா கொஞ்சம் தகராறு பண்ணியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்!

ஒப்பந்தம் முடிந்தபின் நடந்ததற்கும் தடயம் உண்டு. 1895-ல் நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது. புதிதாக வருபவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வருடத்துக்கு 3 பவுண்டு வரி கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1913 வேலைநிறுத்தத்துக்குக் காரணமானதும், 1914-ல் நீக்கப்பட்டதும் இந்த வரிதான். சரித்திரப் பாடத்தில் இது ஒரு பாரா. உங்கள் தாத்தா கதையில் மாதம் ஒரு பவுண்டுகூட வாங்காத மனிதர் வருடத்துக்கு மூன்று பவுண்டைப் புரட்ட அலைந்த அலைச்சல்.

அப்புறம், நான் மிகவும் விரும்பும் காகிதம் ஒன்று உண்டு. விருப்பமானது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அது மரண அறிவிப்புப் படிவம். கொஞ்சம் சொத்துச் சேர்த்துவிட்டு இறந்தவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் சொத்துக் கோப்பு ஒன்று திறப்பார்கள். அதன் முதல் பக்கத்தில் இந்தப் படிவம். இறந்தவரின் பெற்றோர் பெயர், மனைவி பெயர், உயிரோடிருக்கும் பிள்ளைகள், முன்பே இறந்த பிள்ளைகள், எல்லாம் ஒரே தாளில்! நூறு வருடக் குடும்ப மரம் ஒரே மூச்சில் கிளை விட்டுவிடும். இப்போதைய மூட்லி, கவெண்டர், பில்லே, நாய்க்கர், படையாச்சி குடும்பங்களுக்கு இது ரொம்பவே உதவும். கப்பல் பட்டியலில் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது, ஆள் பெயரும் அப்பா பெயரும் மட்டுமே. பின்னால் ஒரு தலைமுறையில் சாதிப் பட்டம் குடும்பப் பெயரானது, இன்னொரு வீட்டில் முதலில் வந்த தாத்தாவின் சொந்தப் பெயரே குடும்பப் பெயரானது. மூன்சாமி என்று குடும்பப் பெயர் வைத்திருக்கும் டர்பன் டாக்டரின் மூதாதை அந்த நம்பர்கார முனுசாமியேதான்.

நேட்டால் மட்டுமா? மொரீசியஸில் மோகா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் குடியேறிகளின் புகைப்படங்களே இருக்கின்றன, 1860-களில் தொடங்கி. கேமராவை முதல்முறை பார்க்கும் அந்த முறைப்பான கண்களைப் பார்க்க வேண்டுமே! ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903-ல்தான் கப்பல் விட்டார்கள். அங்கே ஆளுக்கொரு தனிச்சீட்டு, அதில் உயரம் வரைக்கும் உண்டு. ஃபிஜி, கயானா, சூரினாம், டிரினிடாட் நாடுகளின் ஒப்பந்தக் கூலி ஆவணங்களை யுனெஸ்கோ 2011-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. காரைக்கால், புதுச்சேரிக்காரர்களுக்கு அடித்தது யோகம். பிரெஞ்சு இந்தியாவின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் காப்பகத்தின் தளத்தில் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து புரட்டலாம். 1881-ல் வந்த ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இயக்கத்தை நடத்திய பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார். தங்கள் குடும்பப் பெயர் பிறந்த தேதியையே சொல்லக்கூடிய தமிழ்க் குடும்பங்கள் வேறெங்கே கிடைக்கும்?

கடைசியில் எல்லாத் தேடலும் இந்தப் பக்கக் கரைக்குத்தான் வந்து சேரும். டர்பன் கொள்ளுப்பேத்தி கையில் ஒரு கிராமத்தின் பெயரோடு சென்னையில் இறங்குகிறார். எழும்பூரில் 1909-ல் கட்டி முடித்த சிவப்புச் செங்கல் ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஜில்லாவாரியாக வருவாய்த் துறைக் காகிதங்கள் அங்கே மலைபோல் கிடக்கின்றன. கிராமத்திலோ சிட்டா, அடங்கல், அ-பதிவேடு என்று எல்லாம் நிலத்தைச் சுற்றியே ஓடும். நிலம் இருந்தவருக்குப் பெயர் உண்டு, சர்வே எண் உண்டு, தீர்வை எவ்வளவு என்பது உண்டு. நிலமில்லாதவருக்கு? பிறப்பு, இறப்புப் பதிவுக்கென்று சென்னை மாகாணச் சட்டம் வந்ததே 1899-ல். அதற்கு முன் வயலில் கூலிக்கு நின்றவரின் பெயரை எந்தக் கணக்குப்பிள்ளை எதற்காக எழுதியிருக்கப் போகிறார்?

அதனால்தான் இந்தக் கப்பல் பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரே குடிசையில் அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். அண்ணன் ஊரில் இருந்தார், தம்பி கப்பலேறினார். தம்பிக்கு அப்பா பெயர், வயது, ஊர், கால் தழும்பு வரை அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. அண்ணனுக்கு ஒன்றுமே இல்லை. அண்ணனின் பேரப்பிள்ளைகள் தங்கள் முப்பாட்டன் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் டர்பன் பட்டியலில் தம்பியின் வரியில் தகப்பன் பெயர் என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு இந்த யோசனை இன்னும் எட்டவில்லை என்பது என் வருத்தம். தேடுவதெல்லாம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளே.

ஊரைக் கண்டுபிடிப்பது தனிக் கூத்து. பட்டியலில் 'வடஆர்க்காடு' என்றிருந்தால் இன்றைக்கு அது வேலூராக இருக்கலாம், ராணிப்பேட்டையாக, திருப்பத்தூராக, திருவண்ணாமலையாக இருக்கலாம், 1911-ல் பிரிந்த சித்தூரோடு சேர்ந்து ஆந்திரத்துக்கே போயிருக்கலாம். திருவண்ணாமலை தாலுகா மட்டும் அன்று தென்னார்க்காட்டில். வந்தவாசி 'வாண்டிவாஷ்' வேஷத்தில் வரும், சோளிங்கர் 'ஷோலிங்கூர்' வேஷத்தில். கிராமப் பெயருக்கு வந்தால் குமாஸ்தா முழுச் சுதந்திரம் எடுத்துக்கொண்டிருப்பார். வாய்விட்டுத் திரும்பத் திரும்ப உச்சரித்துப் பார்ப்பதைவிடச் சிறந்த கருவி இதற்கு இல்லை. கூட உட்காரும் ஆள் அந்தத் தாலுகாக்காரராக இருந்தால் மூன்றாவது உச்சரிப்பிலேயே 'அட, அது நம்ம ஊருக்குப் பக்கம்!' என்று துள்ளுவார்.

ஊருக்குள் கார் நுழைந்ததும் முதலில் கூடுவது சந்தேகம். வெளிநாட்டுப் பெண், கையில் பழைய காகிதம், தாத்தா பெயரைச் சொல்லி விசாரிக்கிறார். நிலத்தில் பங்கு கேட்க வந்துவிட்டார்களோ? அதனால் 'எங்களுக்கு எதுவும் வேண்டாம், பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தோம்' என்ற வாக்கியத்தைத் தமிழில் மனப்பாடம் செய்துகொண்டு வருவது புத்திசாலித்தனம். பிறகு மோர் வரும், நாற்காலி வரும், கிராம நிர்வாக அலுவலர் வருவார். அவரைவிட அவசியம் பார்க்க வேண்டியவர்கள் பழைய கணக்குப்பிள்ளை வீட்டார். பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை 1980-ல் ஒழிந்தாலும், எந்த வீடு எந்த வகையறா என்ற கணக்கு அந்தத் திண்ணைகளில் இன்னும் ஒழியவில்லை.

அங்கே உட்கார்ந்து காகிதத்தைக் காட்டி ஊர் பெயரைப் படிக்கிறார் பேத்தி. 'புதூர்.'

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார். 'எந்தப் புதூரும்மா? தாலுகாவுல நாலு இருக்குது. மேல்புதூர், கீழ்புதூர், ஏரிக்கரைப் புதூர், இன்னொண்ணு மலையோரம்.'

பேத்தி அசரவில்லை. பையிலிருந்து கப்பல் பட்டியலின் அந்த முழுப் பக்கத்தையும் எடுத்துத் திண்ணையில் விரிக்கிறார். தாத்தாவுக்கு முந்தைய நம்பர்காரர் எந்த ஊர், பிந்தைய நம்பர்காரர் எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்கிறார். சேர்ந்து கிளம்பியவர்களின் ஊர்கள் எந்தப் புதூரைச் சுற்றி இருக்கின்றனவோ அதுதான் தாத்தாவின் புதூர். இரண்டாவது பெயரிலேயே பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். 'ஏரிக்கரைதான். வண்டியை எடுக்கச் சொல்லு, நானும் வரேன்.'